ஒரே வேகத்தில் நடந்த ஓரகத்திகள்

தரையில் ஒட்டிய மஞ்சள் டேப்புக்கு முன்னால் சண்முகத்தாய் நின்றார். சேலைக் கொசுவத்தை ஒரு கையால் லேசாகத் தூக்கிப் பிடித்திருந்தார். உதடு இறுகியிருந்தது. பள்ளிக்கூட ஓட்டப்பந்தயத்தில் நிற்கிற பிள்ளையைப் போல, முன்காலைக் கோட்டை ஒட்டி வைத்திருந்தார்.

"பந்தயம் இல்லம்மா. வீட்டுக்குள்ள எப்பவும் எப்படி நடப்பீங்களோ அப்படி நடந்தாப் போதும்" என்றேன்.

"எனக்குத் தெரியும் நர்சம்மா. நீங்க கடியாரத்தப் பாருங்க."

நான் நர்ஸ் அல்ல, பிசியோதெரபிஸ்ட். அரசாங்க ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த காலம் முழுக்க இதை மனிதர்களுக்கு விளக்கி விளக்கி என் தொண்டை வறண்டதுதான் மிச்சம். ஓய்வு பெற்றபோது அந்த முயற்சியிலிருந்தும் ஓய்வு பெற்றுவிட்டேன்.

சண்முகத்தாய் நடந்தார். இந்தக் கோட்டுக்கும் அந்தக் கோட்டுக்கும் நான்கு மீட்டர். எண்பதை நெருங்குகிறவருக்கு அது நல்ல நடை. எதிர்க்கோட்டைத் தாண்டியும் நிற்காமல் நேரே அடுப்படிக்குள் போய்விட்டார். கதவு சாத்திக்கொண்டது. உள்ளே ஒரு செம்பு உருண்ட சத்தம் கேட்டது.

அடுத்தவர் பேச்சியம்மாள். சண்முகத்தாயின் கொழுந்தனைக் கட்டியவர். ஓரகத்திகள் இரண்டு பேருமே கணவரை இழந்தவர்கள். பிள்ளைகள் வெளியூரில் இருந்தார்கள். ராஜபாளையத்தில் மில் சங்கு கேட்கிற தூரத்தில் ஒரு பழைய வீடு, அதில் இவர்கள் இருவர் மட்டும். பேச்சியம்மாள் பத்து வயதுக்குக் குறையாமல் இளையவர்.

அவர் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, "முருகா" என்று ஒரு பெருமூச்சு விட்டு, பாதத்தைத் தேய்த்துத் தேய்த்துக் கோட்டைக் கடந்தார்.

ஸ்டாப் வாட்சைப் பார்த்தேன். இரண்டு பேருக்கும் நேரம் ஒன்றுதான். வாட்ச் கெட்டுவிட்டதோ என்று காதருகே வைத்துப் பார்த்தேன். டிஜிட்டல் வாட்சைக் காதில் வைத்துப் பார்க்கிற வயதில்தான் நானும் இருந்தேன்.

சதை விட்டுப்போச்சு

பென்ஷன் வாங்கிக்கொண்டு சும்மா இருந்தவளை இந்த வேலைக்குக் கூப்பிட்டது ஓர் ஆராய்ச்சிக் குழு. வீட்டில் வசிக்கிற முதியவர்கள் எவ்வளவு தளர்ந்திருக்கிறார்கள் என்று அளக்க வேண்டும். ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களை யார் வேண்டுமானாலும் அளப்பார்கள். வராதவர்களை வீடு தேடிப் போய் அளப்பதுதான் இதில் விசேஷம்.

தளர்ச்சி என்பது நோய் அல்ல, வயதும் அல்ல. எழுபதில் தளர்ந்தவர் உண்டு, தொண்ணூறில் தளராதவரும் உண்டு. தளர்ந்த உடம்புக்கு ஒரு சாதாரணக் காய்ச்சலோ, குளியலறையில் ஒரு சறுக்கலோ வந்தால் போதும், ஆள் படுக்கையிலிருந்து எழுந்திருப்பது கஷ்டம். அது வருவதற்கு முன்பே கண்டுபிடித்துவிட்டால் கொஞ்சம் தேற்றிவிடலாம். பயிற்சி வகுப்பில் இதை அரை நாள் பாடமாக நடத்தினார்கள். மம்சாபுரத்தில் ஒரு பெரியவர் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்: "சதை விட்டுப்போச்சு."

ஐந்து விஷயம் பார்ப்போம். எடை தானாகக் குறைந்ததா, களைப்பு இருக்கிறதா, நடமாட்டம் எப்படி, நடை வேகம் என்ன, கைப்பிடி பலம் என்ன. இதில் பெரும்பாலானவை சரியில்லை என்றால் ஆள் தளர்ந்துவிட்டார் என்று கணக்கு.

எடைக் கேள்விக்கு யாரும் கிலோவில் பதில் சொன்னதில்லை. ஆண்கள் மோதிரம் கழல்கிறது என்பார்கள். பெண்கள் ரவிக்கையைத் தோளில் இழுத்துக் காட்டுவார்கள். எனக்கு அது போதும். விவரம் ஏற்றுவதற்குக் குழு கொடுத்த டேப்லெட்டுக்குப் போதாது, அது எண்ணைக் கேட்கும்.

கைப்பிடி அளக்கும் கருவி சைக்கிள் பிரேக்கைப் போல இருக்கும். அழுத்திப் பிடித்தால் முள் நகரும். ரேஷன் கடையில் விரல் ரேகை வைத்துப் பழகிய ஜனங்கள் ஆதலால், பாதிப் பேர் கருவியைக் கையில் கொடுத்ததும் கட்டை விரலை அதன் மேல் வைத்து அமுக்குவார்கள். "ரேகை விழலியே" என்று கவலைப்படுவார்கள். ஒரு அம்மாள் விரலைச் சேலையில் துடைத்துத் துடைத்து வைத்துப் பார்த்தார். ரேகை விழாவிட்டால் அரிசி போய்விடும் என்ற பயம் அவருக்கு. அரிசிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று நான் சொல்லி முடிப்பதற்குள் என் கைப்பிடி தளர்ந்துவிடும்.

டவாலியின் நடை

ஓரகத்திகள் விஷயத்தில் எனக்கு உடனே ஒரு சந்தேகம் வந்ததற்குக் காரணம், அதற்குச் சில மாதம் முன்பு ஸ்ரீவில்லிபுத்தூரில் பார்த்த ஒரு மனிதர். கோர்ட்டில் டவாலியாக இருந்து ஓய்வு பெற்றவர். நீதிபதி நடந்து வரும்போது முன்னால் வழி விலக்கிக்கொண்டு போவாரே, அந்த வேலை.

கைப்பிடியில் முள்ளை ஓட ஓட விரட்டினார். நாற்காலியில் கையை ஊன்றாமல் எழுந்தார். நடக்கச் சொன்னால் மட்டும் ஆமையே அவரை முந்திவிடும். நான் விதிமுறைப்படி அவருக்குப் பின்னால், சற்றுப் பக்கவாட்டில் நடந்துகொண்டிருந்தேன். விழுந்துவிடாமல் பிடிப்பதற்கு அப்படித்தான் போக வேண்டும்.

அவர் மனைவிக்குப் பொறுக்கவில்லை. "ஏங்க, இந்த மனுசன் பேப்பர் வாங்கப் போறப்ப எம்புட்டு வெரசாப் போவாரு தெரியுமா? நாங்கூட எட்டிப் பிடிக்க முடியாது. இப்ப என்னமோ சாமி ஊர்வலம் போற மாதிரி போறாரு."

டவாலி நிமிர்ந்து நின்று பதில் சொன்னார். "ஏட்டி, வெவரம் தெரியாமப் பேசாத. அம்மா பின்னாடி வாராகள்ல. நாம பாட்டுக்கு முந்திக்கிட்டு ஓடலாமா?"

பின்னால் ஒரு ஆள் வந்ததும் கால் தானாகக் கோர்ட்டு நடைக்கு மாறிவிட்டது. மறுமுறை நான் அவருக்கு முன்னால், எதிர்க்கோட்டில் போய் நின்றுகொண்டேன். மனிதர் விர்ரென்று வந்து என் மேல் மோதப் பார்த்தார்.

எப்பவும் நடக்கிற மாதிரி நடங்க என்று சொல்லிவிடுவது சுலபம். பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்து அந்த நடை மாறும் என்பதை டவாலிதான் எனக்குக் காட்டினார். அதனால் பேச்சியம்மாள் காலைத் தேய்த்து நடந்தபோது நான் தீர்மானமே பண்ணிவிட்டேன். மூத்த ஓரகத்தியை மிஞ்சி நடப்பது மரியாதை இல்லை என்று நினைத்திருப்பார். பேச்சியம்மாளைத் தனியாக அளந்தால் உண்மை தெரிந்துவிடும். என் புத்தியை நானே மெச்சிக்கொண்டு அன்று வீடு போய்ச் சேர்ந்தேன்.

மரியாதையாம் மரியாதை

மறுநாள் காலை சொல்லாமல் போனேன். கையில் நல்ல சாக்கு இருந்தது. ஸ்டாப் வாட்சை நிஜமாகவே அங்கே மறந்து வைத்துவிட்டு வந்திருந்தேன்.

வாசல் கதவு திறந்தே கிடந்தது. பக்கத்து வீட்டில் யாரோ யாரையோ தெலுங்கில் வைதுகொண்டிருந்தார்கள். உள்ளே பார்த்தேன். பேச்சியம்மாள் நிறை குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு தெருக்குழாயிலிருந்து வரும் பக்கவாசல் படிகளில் ஏறினார். ஒரு சொட்டுத் தண்ணீர் சிந்தவில்லை. குடத்தை இறக்கி வைத்துவிட்டு, தரையில் குத்தவைத்து உட்கார்ந்து, நான் ஒட்டிய மஞ்சள் டேப்பை நகத்தால் உரித்தார். உரித்து முடித்துக் கையை ஊன்றாமல் எழுந்தார்.

சண்முகத்தாய் ஜன்னலோரப் பெஞ்சில் படுத்திருந்தார். முந்தின நாள் நடந்த நடையின் களைப்பு அவரை விட்டு இன்னும் போகவில்லை. எழுந்து உட்காரப் பெஞ்சின் விளிம்பைப் பிடித்தார், விட்டார், மறுபடி பிடித்தார்.

என்னைக் கண்டதும் பேச்சியம்மாளின் கை தானாக இடுப்புக்குப் போனது. "முருகா" என்று ஆரம்பித்தார்.

"போதும், போதும். குடத்தோட வந்ததைப் பாத்துட்டேன்" என்றேன்.

கையை எடுத்துவிட்டார். கொஞ்சமும் வெட்கப்படவில்லை. "வாங்க, காப்பி குடிங்க" என்றார்.

என் கண்டுபிடிப்பை அவிழ்த்தேன். "அக்கா முன்னாடி வேகமா நடக்கக் கூடாதுன்னுதானே மெதுவா நடந்தீங்க? மரியாதைக்குத்தானே?"

பேச்சியம்மாள் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுத் தெலுங்குச் சண்டை ஒரு நிமிஷம் நின்றது. "மரியாதையாம் மரியாதை! அட போங்க நர்சம்மா. இவியள நான் எம்புட்டு வஞ்சிருக்கேன்னு இந்தத் தெருவக் கேளுங்க. இவிய என்னைய வஞ்சது அதுக்கு மேல இருக்கும்."

"பொறவு ஏன்?"

பெஞ்சிலிருந்து சண்முகத்தாய்தான் பதில் சொன்னார், மூச்சை இடையிடையே நிறுத்தி. "இவ மகன் கணேசன் கோயம்புத்தூர்ல இருக்கான். ரெட்டப் பிள்ளை பெறந்திருக்கு. பொண்டாட்டி வேலைக்குப் போறா. அம்மா திடமா இருக்கான்னு தெரிஞ்சா மறுநாளே கார அனுப்பிருவான். எம்மகன் மெட்ராசுல. வயசானவுகளப் பாத்துக்கிடுற ஹோம் ஒண்ணு பேசி வச்சிருக்கான். நா எந்திரிக்க மாட்டாம கெடக்கேன்னு தெரிஞ்சா என்னைய அங்க கொண்டு போய்ச் சேத்துருவான்."

"அதான் அக்கா செத்த வெரசா நடந்தாக. நா செத்த மெதுவா நடந்தேன்" என்றார் பேச்சியம்மாள், காப்பியை ஆற்றிக்கொண்டே.

இளையவர் திடமாக இருந்தால் பிள்ளை வளர்க்க ஒரு பக்கம் போக வேண்டும். மூத்தவர் தளர்ந்திருந்தால் ஹோமுக்கு இன்னொரு பக்கம் போக வேண்டும். உள்ளபடி அளந்தால் வீடு பூட்டப்பட்டுவிடும். பல காலம் ஒரே அடுப்பில் சண்டை போட்டுக்கொண்டு சமைத்தவர்கள், மிச்சக் காலத்தையும் அப்படியே கழிக்க வேண்டும் என்று நினைத்தார்கள். அதற்காக ஒருவர் ஏறியும் ஒருவர் இறங்கியும் நடுவில் வந்து சந்தித்திருக்கிறார்கள். வாட்சில் கோளாறு இல்லை.

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. வெயிலில் பஸ் ஏறி இறங்கி அளந்துகொண்டு போனால், ஆளுக்கு ஒரு நாடகம் போட்டு அனுப்பியிருக்கிறார்களே! காப்பி நன்றாக இருந்ததால் கோபம் ரொம்ப நேரம் நிற்கவில்லை.

கதவைச் சாத்திவிட்டு

இந்த ஆராய்ச்சியில் ஒரு விதி உண்டு. முடிவை அளக்கப்பட்டவரிடம் மட்டும்தான் சொல்ல வேண்டும். மகன், மகள், மருமகன், வார்டு கவுன்சிலர், யார் கேட்டாலும் சொல்லக் கூடாது. முதல் நாளே படித்துக் காட்டிக் கையெழுத்தும் வாங்கியிருந்தேன். இரண்டு பேரும் தலையாட்டியிருந்தார்கள். இந்த ஊரில் யாரும் எதையும் கேட்டுவிட்டுத் தலையாட்டுவதில்லை.

மறுபடி சொன்னேன். பேச்சியம்மாள் என் முகத்தையே பார்த்தார். "எம்மகன் வந்து கேட்டாலும்?"

"கேட்டாலும்."

"கும்பிட்டுக் கேட்டா?"

"யாரு எப்படிக் கேட்டாலும்."

அவர் எழுந்து போய் வாசல் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுவிட்டு வந்தார். உரித்த டேப்பை அவரே தரையில் ஒட்டினார்.

அன்றைக்கு இரண்டு பேரும் உள்ளபடி நடந்தார்கள். பேச்சியம்மாள் கோட்டைத் தாண்டியது தெரிவதற்குள் தாண்டிவிட்டார். சண்முகத்தாய் நடந்தபோது நான் பின்னால் நெருக்கமாகவே போனேன். பாதி வழியில் சுவரைத் தொட்டுக்கொண்டார். கருவியைப் பிடித்தபோது விரல் முட்டிகள் வெளுத்தன, முள் கொஞ்சம்தான் நகர்ந்தது. முந்தின நாள் அளவு தவறு என்று குழுவுக்குச் சொல்லி, இதைத்தான் டேப்லெட்டில் ஏற்றினேன். அதில் நான் கை வைக்கவில்லை.

சண்முகத்தாயிடம் முடிவைச் சொன்னேன். இந்த வேலையில் எனக்குப் பிடிக்காத இடம் அதுதான். எத்தனை தடவை சொன்னாலும் பிடிக்காது.

"தளர்ந்துட்டேன்னு சொல்ல மெஷின் வேணுமாக்கும்? காலைல எந்திரிக்கறப்பவே தெரியுதே" என்றார். பிறகு முழங்காலைத் தேய்த்துக்கொண்டே கேட்டார். "தேறுமா?"

"கொஞ்சம் தேறும். சும்மா படுத்திருந்தா தேறாது."

நாற்காலியில் உட்கார்ந்து எழும் பயிற்சியைச் சொல்லிக் கொடுத்தேன். பயறு, முட்டை, பால் என்று சாப்பாட்டைச் சொன்னேன். பேச்சியம்மாள் பக்கத்தில் நின்றுகொண்டு, "எந்திரிங்க. ஏன், வாய் மட்டும் நல்லா நீளுதுல்ல, காலு நீளாதோ? எந்திரிங்க" என்று அதட்டினார். பிசியோதெரபிஸ்ட் வேலைக்கு அந்தக் குரல் இருந்தாலே பாதிப் பாஸ்.

கணேசன் வந்தார்

சில வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, பயிற்சி எப்படிப் போகிறது என்று பார்க்கப் போயிருந்தேன். வாசலில் கோயம்புத்தூர்க் கார் நின்றது.

கணேசன் மோசமான மனிதர் அல்ல. கண்ணுக்குக் கீழே கறுப்பு, சட்டைத் தோளில் காய்ந்த பால் கறை. இரட்டைக் குழந்தை வீட்டில் தூங்குகிறவர் யார்? களைப்புக் கேள்வியை அவரிடம் கேட்டிருந்தால் அந்த வட்டாரத்தில் முதல் ஆளாக வந்திருப்பார்.

"மேடம், அம்மாவுக்கு என்னமோ டெஸ்ட் எடுத்தீங்களாமே. ரிசல்ட் என்ன?"

"அவங்ககிட்டதான் சொல்லியிருக்கேன். அவங்க சொன்னாத்தான் உண்டு."

"நான் அவங்க மகன் மேடம்."

"தெரியுது."

அவர் அம்மா பக்கம் திரும்பினார். "யம்மா, இந்த நாற்காலில உக்காந்து எந்திரி, நானே பாத்துக்கிடுதேன்."

பேச்சியம்மாள் உட்கார்ந்தார். எழுந்தார். அதை எழுந்தார் என்று சொல்வது அந்தச் சொல்லுக்குச் செய்யும் அநியாயம். முழங்காலைப் பிடித்தார், முருகனை அழைத்தார், பாதியில் நின்றார், மறுபடி உட்கார்ந்துவிட்டார். நான் தரையைப் பார்த்துக்கொண்டேன். சிரிப்பு வந்தால் எல்லாம் போச்சு.

அடுத்து யாரும் கேட்காமலே சண்முகத்தாய் எழுந்தார். பெஞ்சைப் பிடிக்கவில்லை. நெற்றி நரம்பு புடைத்தது. நின்றார். நின்றபடியே, "நா இருக்கேன்ல, இவள நா பாத்துக்கிடுதேன். நீ கவலப்படாதடே" என்றார்.

கணேசன் என்னைப் பார்த்தார். ஏதாவது சொல்வேன் என்று எதிர்பார்த்தார். நான் சொல்லவில்லை. அவர் வீட்டில் இரண்டு குழந்தைகள் அழுதுகொண்டிருக்கின்றன என்பதும் எனக்குத் தெரிந்தே இருந்தது. அவர் மேல் எனக்கு இரக்கம் உண்டு. ஆனால் அவர் அம்மாவின் கால் எப்படி இருக்கிறது என்று சொல்வது அவர் அம்மாவின் பாடு.

"சரி பெரியம்மா, ஆடி கழியட்டும், பொறவு பாப்போம்" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார். போகும்போது ஒரு பை மாம்பழம் கொடுத்தனுப்பினார்கள். கார் தெரு முனை திரும்பும் வரை சண்முகத்தாய் வாசலில் நின்றே கையசைத்தார். திரும்பியதும் பேச்சியம்மாள் ஓடிப்போய் அவரைத் தாங்கிப் பிடித்தார்.

டவுன் பஸ்

ஆடி வந்தது, போனது. ஸ்ரீவில்லிபுத்தூரில் வேலை முடித்து ஒரு மாலை ராஜபாளையம் போகும் டவுன் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன். பஸ் நிலையத்தை விட்டுக் கிளம்பி நகர்ந்துகொண்டிருந்தது. கோயில் பக்கமிருந்து ஒரு அம்மாள் ஓடி வந்தார். சேலையை இழுத்துச் செருகி, தேங்காய்ப் பழப் பையைக் கக்கத்தில் இடுக்கி, பஸ்ஸின் வயிற்றில் ஓங்கி அடித்தார். பேச்சியம்மாள்தான்.

"அண்ணே, செத்த நில்லுங்க. அக்கா வாராக!"

டிரைவர் பிரேக் போட்டார். பேச்சியம்மாள் ஒரு காலைப் படியிலும் ஒரு காலைத் தரையிலும் வைத்துக்கொண்டார். கண்டக்டர் எட்டிப் பார்த்தார். "எங்கே வாராகம்மா? ஆளையே காணும்?"

"பால்கோவா கடைகிட்ட வாராக, பாருங்க."

வந்துகொண்டிருந்தார். கையில் ஒன்றும் இல்லை. நடந்தார், நின்றார், ஒரு தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டார், மறுபடி நடந்தார். பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்தது. பஸ்ஸுக்குள் யாரோ, "இதென்ன டவுன் பஸ்ஸா, சொந்த வண்டியா?" என்று முனகினார்கள். "நீயும் ஒருநா கெழவனாவ, கம்முனு இருடா" என்று படியிலிருந்தே பேச்சியம்மாள் கத்தினார்.

அப்போதுதான் என்னைப் பார்த்தார். கை இடுப்புக்குப் போகவில்லை. "முருகா" வரவில்லை. "நர்சம்மா, எடம் போட்டு வைங்க" என்றார். படியில் வைத்த கால் அப்படியே இருந்தது.

சண்முகத்தாய் வந்து சேர்ந்தார். பேச்சியம்மாள் கீழே குதித்து, பின்னாலிருந்து தாங்கி, அவரைப் படியேற்றினார். கண்டக்டர் விசில் ஊதினார். மூத்தவர் என் இருக்கையின் கம்பியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். பிறகு குனிந்து, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"இன்னைக்கு நா யாருக்கும் நடந்து காட்டல. இதான் என் நட. வேணும்னா எழுதிக்கோங்க."

டேப்லெட் பையில்தான் இருந்தது. நான் எடுக்கவில்லை. ஜன்னல் பக்கம் ஒதுங்கி, இரண்டு பேர் உட்காரும்படி இடம் விட்டேன்.